பூஞ்சைப் பொடியும் பிளேட்டிங் தண்ணீரும்: வாசகர் கேள்வி பதில்

தொழிற்சாலைக் கழிவு நீரில் உள்ள கன உலோகங்களைப் பூஞ்சை கொண்டு பிரிப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கோவையில் சின்ன நிக்கல் பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அலசு நீரில் நிக்கல் லிட்டருக்கு 20 மி.கி. வரை வருகிறது. தொட்டியில் பூஞ்சை வளர்த்துவிட்டால் அது நிக்கலைத் தின்றுவிடும் என்கிறார்கள். காஸ்டிக் சோடா செலவு மிச்சமாகுமா?

தின்னாது. நிக்கல் ஒரு தனிமம், எந்த உயிரினமும் அதைச் சிதைக்க முடியாது. தண்ணீரிலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் சேர்க்கலாம், அவ்வளவுதான். பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின், கைட்டோசான், குளூக்கான் போன்ற நீண்ட சங்கிலிகள் இருக்கின்றன. கூடவே கொஞ்சம் புரதமும் உண்டு. இவற்றில் உள்ள அமீன், கார்பாக்சில், பாஸ்பேட் தொகுதிகள்தான் உலோக அயனிகளைப் பிடித்து வைக்கின்றன. இந்த வேலைக்குப் பூஞ்சை உயிரோடு இருக்க வேண்டியதில்லை. செத்த பூஞ்சையின் பொடி போதும், பெரும்பாலும் அதுவே மேல்.

உயிருள்ள பூஞ்சைக்குச் சாப்பாடு வேண்டும். உங்கள் அலசு நீரில் சர்க்கரையும் இல்லை, நைட்ரஜன் சத்தும் இல்லை. வெல்லப்பாகு ஊற்றி வளர்த்தால், மிஞ்சும் வெல்லப்பாகே பி.ஓ.டி. (கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) ஆக நிற்கும். ஆற்றிலோ ஓடையிலோ விடும் நீருக்கு பி.ஓ.டி. வரம்பு லிட்டருக்கு 30 மி.கி. நிக்கலுக்காக ஆரம்பித்து வேறொரு நோட்டீசில் போய் முடியும்.

காஸ்டிக் போட்டு பி.எச். 9.5 முதல் 10.5 வரை ஏற்றி நிக்கலை ஹைட்ராக்சைடாகப் படியவைத்தால், சாதாரணமாக 3 மி.கி. என்ற வரம்புக்குக் கீழே வந்துவிடும். அதை நிறுத்தாதீர்கள். பூஞ்சைப் பொடிக்கு இடம் அதற்குப் பிறகுதான்: படிந்தபின் மிஞ்சும் சில மி.கி. உலோகத்தையும் துடைத்தெடுத்து நீரைத் திரும்பப் பயன்படுத்த நினைத்தால் யோசிக்கலாம். அப்போதும் பி.எச்.சை 5 அல்லது 6-க்கு இறக்கிய பிறகே பொடியிடம் விட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். எலக்ட்ரோலெஸ் நிக்கல் (மின்சாரமின்றி வேதிவினையால் பூசுவது) நீரும் உங்களிடம் வருகிறது என்றால், அதில் சிட்ரேட் போன்ற பொருள்கள் நிக்கலை இறுக்கிக் கட்டி வைத்திருக்கும். காஸ்டிக்குக்கும் அது சரியாகப் படியாது, பூஞ்சையிடமும் ஒட்டாது. அந்த நீரை முதலிலேயே தனியாகப் பிரியுங்கள். அடுத்தது, துத்தநாகம், செம்பு, காட்மியம் ஆகியவற்றுக்குச் சயனைடு குளியல் (உலோகம் பூசும் கரைசல்) வைத்திருக்கும் பட்டறைகளில், சயனைடை முழுமையாக அழிக்காமல் அந்த நீரின் பி.எச்.சை இறக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். உயிர் போகும்.

இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. ஜிக்கை, அதாவது பொருள்களை மாட்டும் சட்டத்தை, குளியலுக்கு மேலேயே 15 அல்லது 20 விநாடி தொங்கவிட்டு வடியவிடுங்கள். சொட்டுகிற நிக்கல் குளியலுக்கே திரும்பும். அலசு தொட்டிக்கு வராத நிக்கலைப் பிரிக்க எந்தப் பூஞ்சையும் வேண்டாம்.

நுண்ணுயிரியல் முதுகலை மாணவி, சென்னை. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பொடியை ஆய்வகத்தில் எப்படித் தயாரிப்பது? ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறது.

வெங்காயத்தின் மேல் தோலில் கறுப்பாகப் படிகிறதே, அந்தப் பூஞ்சணம்தான். வளர்ப்பது சுலபம், எண்ணை நிலையாக நிறுத்துவதுதான் கஷ்டம்.

சாய்வு வளர்ப்பிலிருந்து வித்துகளை 0.1 சதவீத ட்வீன் 80 கரைசலில் கழுவி எடுங்கள். வெறும் தண்ணீரில் வித்து நனையாமல் மிதக்கும். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் வித்து இருக்கும்படி விதைத்து, 30 டிகிரியில், நிமிடத்துக்கு 150 சுற்று வேகத்தில் 4 அல்லது 5 நாள் வையுங்கள். சின்னச் சின்ன உருண்டைகளாக வளரும். பிறகு குடுவையோடு ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம். இதைத் தவிர்த்துவிட்டு நேரே காயவைத்து அரைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம், உயிருள்ள வித்துத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கொன்ற பிறகும் அரைக்கும்போது என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வடிகட்டிக் கழுவிய பூஞ்சையை 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில், அதாவது லிட்டருக்கு 20 கிராம், 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொழுப்பும் புரதத்தில் ஒரு பகுதியும் கரைந்து வெளியேறி, பிடிக்கும் இடங்கள் திறக்கும். எடை கணிசமாகக் குறையும், பதற வேண்டாம். பிறகு கழுவு நீரின் பி.எச். 7 சுற்றி வந்து நிற்கும்வரை காய்ச்சி வடித்த நீரில் கழுவி, 60 டிகிரியில் ஓர் இரவு காயவைத்து, அரைத்து, 150 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள்.

எண் மாறுவதற்கு முதல் சந்தேகம் இந்தக் கழுவலின் மேல்தான். பொடிக்குள் காரம் மிஞ்சியிருந்தால் குடுவையில் பி.எச். மெல்ல ஏறி, உலோகம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். வடிதாள் அதைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் அதையும் பூஞ்சை பிடித்ததாகக் கணக்கெழுதுவீர்கள். செம்பும் ஈயமும் பி.எச். 6-ஐத் தாண்டினாலே இந்த வேலையைக் காட்டும். அதனால் பி.எச்.சை ஆரம்பத்தில் மட்டுமல்ல, முடிவிலும் அளந்து எழுதுங்கள். பொடி இல்லாத குடுவை ஒன்றை அதே பி.எச்.சில் கூடவே ஓட்டுங்கள். பி.எச்.சை நிறுத்தப் பாஸ்பேட் பஃபர் போடாதீர்கள், ஈயப் பாஸ்பேட்டாகப் படிந்து எல்லாக் கணக்கையும் கெடுக்கும். கண்ணாடிக் குடுவையும் வடிதாளும்கூட உலோகத்தை ஒட்டவைக்கும். குடுவைகளை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள், வடிதாளுக்கும் ஒரு வெற்றுச் சோதனை செய்யுங்கள்.

நிக்கல், செம்பு, ஈயம், காட்மியம் எல்லாம் நேர்மின் அயனிகள். பி.எச். 4-க்கும் 6-க்கும் நடுவில் நன்றாக ஒட்டும். 3-க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

என் ஆய்வில் அதிகபட்சப் பிடிப்புத் திறன் கிராமுக்கு 20 மி.கி. நிக்கல் என்று லாங்மியூர் கணக்கில் (நீரில் மிஞ்சும் உலோக அளவுக்கும் பொடி பிடிக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பு) வந்தது. மாறிலி மி.கி.க்கு 0.08 லிட்டர். அப்படியானால் 20 மி.கி. நிக்கல் உள்ள 1000 லிட்டர் நீரை 3 மி.கி.க்கு இறக்க 850 கிராம் பொடி போதும்தானே? வழிகாட்டி 'போதாது' என்கிறார்.

வழிகாட்டி சொல்வது சரி. இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான், அதனால் விரிவாகவே பார்ப்போம்.

நீக்க வேண்டியது 17 கிராம் நிக்கல். அதை 20 மி.கி.யால் வகுத்து 850 கிராம் என்கிறீர்கள். ஆனால் கிராமுக்கு 20 மி.கி. என்பது, பொடியைச் சுற்றி நிக்கல் ஏராளமாக இருக்கும்போது கிடைக்கும் உச்சம். டிரம்மில் பொடியைப் போட்டுக் கலக்கினால், கடைசியில் அதைச் சுற்றி இருப்பது 3 மி.கி. நீர். அந்த நீரோடு சமநிலையில் பொடி எவ்வளவு வைத்திருக்கும் என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் மாறிலிகளைப் போட்டால், 0.08-ஐ 3-ஆல் பெருக்கி வரும் 0.24-ஆல் 20-ஐப் பெருக்கி, 1.24-ஆல் வகுக்க வேண்டும். கிராமுக்கு 3.9 மி.கி. கிடைக்கும். அப்படியானால் 17 கிராமுக்கு 4.4 கிலோ பொடி வேண்டும். நீங்கள் நினைத்ததைப் போல ஐந்து மடங்கு.

இதே பொடியைக் குழாயில் அடைத்து நீரை அதன் வழியே விட்டால் கதை மாறும். நுழைவாயில் பக்கம் இருக்கும் பொடி எப்போதும் 20 மி.கி. நீரைப் பார்க்கிறது. 20-ஐ 1.6-ஆல் பெருக்கி 2.6-ஆல் வகுத்தால் கிராமுக்கு 12.3 மி.கி. வரை நிரம்பும். காகிதத்தில் 1.4 கிலோ போதும். வெளிவாயில் நிக்கல் தலைகாட்டத் தொடங்கும்போது மேல்பகுதிப் பொடி இன்னும் நிரம்பியிருக்காது என்பதால், மூன்றில் இரண்டு பங்குதான் பயன்படும் என்று வைத்து 2 கிலோ எடுங்கள்.

கணக்கு இதோடு முடியவில்லை. பொடியை அப்படியே குழாயில் அடைக்க முடியாது, ஒரு மணி நேரத்தில் சேறாக இறுகிவிடும். ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) உருண்டைகளில் பொதிய வேண்டும். உருண்டையில் 5 சதவீதம் பொடி. உருண்டைகள் குழாயின் கொள்ளளவில் 60 சதவீதத்தை நிரப்பும். ஆக ஒரு லிட்டர் படுகையில் 30 கிராம் பொடிதான் இருக்கும். 2 கிலோவுக்கு 67 லிட்டர் படுகை. அதே 17 கிராம் நிக்கலைப் பிடிக்கக் கடையில் கிடைக்கும் வலுவான அமிலவகை அயனிமாற்று ரெசின் ஒரு லிட்டருக்கும் குறைவாகப் போதும். உங்கள் ஆய்வறிக்கையில் இந்த ஒப்பீட்டையும் எழுதுங்கள். தேர்வாளர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

உருண்டைகள் இரண்டே நாளில் கூழாகிக் குழாய் அடைத்துக்கொள்கிறது. என்ன தவறு?

உருண்டை செய்யும் விதம் முதலில். 100 மி.லி. வெதுவெதுப்பான நீரைக் கலக்கிக்கொண்டே 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், அந்தக் கட்டி கரையவே கரையாது. 5 கிராம் பொடியைக் கலந்து, ஊசி வழியாக, லிட்டருக்கு 20 கிராம் கால்சியம் குளோரைடு உள்ள கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். 3 மி.மீ. அளவில் உருளும். ஓர் இரவு அதிலேயே கிடக்கட்டும். ஒரு மணி நேரத்தில் எடுத்தால் வெளியே தோல், உள்ளே கஞ்சி.

இதெல்லாம் சரியாகச் செய்தும் கூழாகிறது என்றால் உங்கள் நீரைப் பாருங்கள். உருண்டையைக் கட்டி வைத்திருப்பது கால்சியம். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் சோப்புகளில் வரும் பாஸ்பேட், சிட்ரேட், இ.டி.டி.ஏ. ஆகியவை கால்சியத்தை உருவிவிடும். உப்பு மிகுந்த நீரில் சோடியம் அதன் இடத்தில் உட்காரும்.

இன்னொரு இடத்திலும் உருண்டைகள் காணாமல் போகும். உலோகம் நிரம்பிய படுகையை அமிலத்தால் கழுவுகிறீர்கள். அமிலத்தில் உருண்டை தாங்கும். பிறகு அமிலத்தை நடுநிலையாக்கச் சோடா உப்போ காஸ்டிக்கோ விட்டால் ஆல்ஜினேட் கரைந்து ஓடிவிடும். அமிலத்துக்குப் பின் வெறும் நீர், அதன்பின் 1 சதவீதக் கால்சியம் குளோரைடு, அவ்வளவுதான்.

குழாயின் விட்டம் உருண்டையைப் போல 10 மடங்காவது இருக்க வேண்டும். 3 மி.மீ. உருண்டைக்கு 3 செ.மீ.க்குக் குறைந்தால் நீர் சுவர் ஓரமாக வழுக்கிப் போகும். நீரைக் கீழிருந்து மேலே செலுத்துங்கள், முன்னால் ஒரு மணல் வடிகட்டி வையுங்கள். வெளிக்குழாயைப் படுகையை விட உயரமாக வளைத்துவிட்டால் பம்ப் நின்றாலும் படுகை காயாது.

ஆல்ஜினேட்டே செம்பையும் ஈயத்தையும் நன்றாகப் பிடிக்கும். பூஞ்சை இல்லாத வெற்று உருண்டைக் குழாய் ஒன்றை இணையாக ஓட்டாமல் 'பூஞ்சை 90 சதவீதம் நீக்கியது' என்று எழுதினால், அதில் பூஞ்சையின் பங்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

ராணிப்பேட்டையிலிருந்து: குரோமியம்-6 உள்ள மஞ்சள் நீரில் பி.எச். 2-ல் பூஞ்சைப் பொடியைப் போட்டோம். மறுநாள் நிறம் முழுதும் போய்விட்டது. குரோமியம் முழுவதும் பொடியில் ஏறிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. குரோமியம்-6 (அதிக நச்சுள்ள வடிவம்) குரோமியம்-3 (நச்சு குறைந்த வடிவம்) ஆக மாறியிருக்கிறது. பொடியில் உள்ள கரிமத் தொகுதிகள் எலக்ட்ரானைக் கொடுக்கின்றன, குரோமேட் அதை வாங்கிக்கொண்டு குரோமியம்-3 ஆகிறது. இப்படி மாறிய குரோமியத்தில் பெரும்பகுதி, பி.எச். 2-ல் பொடியில் ஒட்டாமல் நீரிலேயே கிடக்கும். செத்த ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரை வைத்து 2005-ல் கொரிய ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அதற்கு முன் வந்த ஆய்வுகள் பலவற்றில் இது வெறும் 'ஒட்டுதல்' என்றே எழுதப்பட்டிருந்தது.

நீங்கள் அளந்தது டைஃபினைல் கார்பசைடு முறையாக இருக்கும். 540 நானோமீட்டரில் ஊதா நிறத்தைப் படிக்கும் அந்த முறைக்குக் குரோமியம்-6 மட்டும்தான் தெரியும். வடிநீரில் மொத்தக் குரோமியத்தையும் அணு உறிஞ்சல் கருவியில் பாருங்கள். கருவி இல்லையென்றால் பெர்மாங்கனேட்டால் எல்லாவற்றையும் குரோமியம்-6 ஆக்கிவிட்டு அதே ஊதா முறையில் அளக்கலாம். நீர்நிலையில் விடும் நீருக்குக் குரோமியம்-6 வரம்பு 0.1 மி.கி., மொத்தக் குரோமியம் 2 மி.கி. முதலாவது தேறி இரண்டாவது தவறுவது இந்த முறையில் சகஜம். அதனால் நிறம் போனபின் சுண்ணாம்பு போட்டு பி.எச். 8.5-க்கு ஏற்றிக் குரோமியம்-3-ஐப் படியவைக்க வேண்டும்.

ஒரு குரோமேட் அயனி மாறுவதற்கு 7 ஹைட்ரஜன் அயனிகள் செலவாகும். அதனால் பி.எச். தானாக ஏறும், வேகம் படுத்துவிடும், நடுநடுவே அமிலம் விட வேண்டிவரும். பொடியும் ஆக்சிகரணமாகித் தீர்ந்துபோகும். இங்கே அது திரும்பத் திரும்பப் பயன்படும் சல்லடை இல்லை, விறகு போல எரிந்து தீரும் பொருள்.

வணிக ரீதியில் பார்த்தால், 1 கிராம் குரோமியம்-6-க்குக் கணக்குப்படி 2.74 கிராம் சோடியம் மெட்டாபைசல்பைட் போதும். நடைமுறையில் 3 கிராமுக்கு மேல் வைப்பார்கள். பி.எச். 2.5-க்குள் அரை மணி நேரத்தில் வேலை முடியும். பூஞ்சைக்கு ஒரு நாள். பொடி சும்மா கிடைத்தாலும், அத்தனை நேரம் நீரைத் தேக்க வேண்டிய தொட்டி சும்மா கிடைக்காதே.

தோல் பதனிடும் ஆலையில் வரும் பச்சை நிறக் குரோம் நீருக்கு இது உதவுமா?

அந்த நீரில் குரோமியம் லிட்டருக்குக் கிராம் கணக்கில் இருக்கும், அதுவும் குரோமியம்-3. மெக்னீசியம் ஆக்சைடு போட்டு பி.எச். 8 சுற்றிப் படியவைத்து, படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடவே பயன்படுத்தலாம். பூஞ்சையிடம் கொடுத்தால் அந்தக் குரோமியம் வீண். உப்பையும் பூஞ்சை தொடாது. கரைந்த உப்புகளுக்கு 2100 மி.கி. என்ற வரம்பு தனியாக நிற்கிறது.

சிப்பிக் காளான் வளர்த்து முடித்த வைக்கோல் படுக்கைகள் மலையாகக் கிடக்கின்றன. கழிவு நீர் சுத்திகரிப்புக்குக் கொடுக்கலாமா? அதே படுக்கையில் வரும் காளானைச் சாப்பிடலாமா?

கொடுக்கலாம். ஆனால் அதில் பூஞ்சை இழை கொஞ்சம், வைக்கோல்தான் அதிகம். நன்றாகக் கழுவாவிட்டால் பழுப்புச் சாறு இறங்கி நீரின் சி.ஓ.டி.யை (வேதி ஆக்சிஜன் தேவை) ஏற்றும். இரண்டாவது கேள்விக்கு: கூடவே கூடாது. காளான்கள் காட்மியம் போன்ற உலோகங்களைத் தம் உடலில் சேர்த்துக்கொள்ளும். அந்தப் படுக்கையை மாட்டுக்கும் போடாதீர்கள், எருக்குழியிலும் கொட்டாதீர்கள்.

உலோகம் ஏறிய பொடியையும் கழுவிய அமிலத்தையும் என்ன செய்வது? எரித்துவிடலாமா?

குரோமியம் உள்ளதை எரிக்கவே கூடாது. காரத்தன்மை உள்ள சாம்பலில், காற்றுப்பட, குரோமியம்-3 மறுபடி குரோமியம்-6 ஆகும். நீங்கள் பட்ட பாடெல்லாம் சாம்பலில் கரைந்தது போலத்தான்.

நிக்கல், செம்பு, காட்மியம் ஏறிய படுகையை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவலாம்; அடர் அமிலம் லிட்டருக்கு 8.5 மி.லி. அளவு. படுகையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தேவைப்படும் என்று வைப்போம். மேலே சொன்ன 67 லிட்டர் படுகைக்கு 134 லிட்டர். 17 கிராம் நிக்கலும் அதில் இறங்கினால் லிட்டருக்கு 127 மி.கி. பிளேட்டிங் குளியலுக்குத் திருப்பிவிட இது போதாது, அங்கே கிராம் கணக்கில் வேண்டும். ஆகவே அதைக் காஸ்டிக்கில் படியவைத்துச் சேறாக்க வேண்டியதுதான். அமிலத்தில் ஒவ்வொரு முறை கழுவும்போதும் பிடிப்புத் திறன் கொஞ்சம் குறையும். ஐந்து சுற்றுக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து பார்க்காமல் விலைக் கணக்குப் போடாதீர்கள்.

கடைசியில் மிஞ்சும் பொடியும் சேறும் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வரும். பதிவேட்டில் எழுதி, மாசு கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த அபாயக் கழிவு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

நாற்பது வருடமாக ஆராய்ச்சி நடக்கிறதே, கடையில் ஏன் மூட்டை மூட்டையாகக் கிடைக்கவில்லை?

1980-களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வோலெஸ்கியும் செசோசும் ரைசோபஸ் அர்ரைசஸ் என்ற பூஞ்சை கிராமுக்கு 180 மி.கி.க்கு மேல் யுரேனியம் பிடிப்பதைக் காட்டினார்கள். ரொட்டியில் பூக்கும் பூஞ்சணத்தின் உறவு அது. அந்த எண் பலரையும் இழுத்தது. ஆனால் அது ஓர் உலோகம் மட்டும் கரைந்த தூய நீரில் கிடைத்த எண். பட்டறை நீரில் கால்சியம், மெக்னீசியம், இரும்பு, சோப்பு எல்லாம் கலந்து வரும். இடத்துக்குப் போட்டி.

மூலப்பொருளும் சிக்கல். சிட்ரிக் அமில ஆலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் கழிவாக வருகிறது, பீர் ஆலையில் ஈஸ்ட் வருகிறது. கேட்க மலிவுதான். ஆனால் முக்கால்வாசி தண்ணீராக வரும் அதை அழுகுமுன் காயவைக்க எரிபொருள் வேண்டும். ஆலை தன் வகையையோ வெல்லப்பாகையோ மாற்றினால் செல் சுவரும் மாறும், பிடிப்புத் திறனும் மாறும். ரெசின் மூட்டையில் அச்சடித்த எண்ணை நம்பி வடிவமைக்கலாம். பூஞ்சைப் பொடியில் ஒவ்வொரு லோடு வந்ததும் 1 கிராமை உங்கள் சொந்தக் கழிவு நீர் ஒரு லிட்டரில் போட்டு, பி.எச். 5-ல் நிறுத்தி, 4 மணி நேரம் கலக்கி, வடிநீரில் மிஞ்சியதை அளந்த பிறகே குழாயில் அடைக்க வேண்டும்.